பூனையின் தவமும் படிப்பவன் கணக்கும்

மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தின் முன்னே நின்றிருந்தோம். ஆண்டு முடியும் நாட்கள் அவை. கடற்காற்று குளிர்ந்து வீசிற்று. ஒற்றைக் காலில் நின்று, விலா எலும்பு தெரிய, கைகளை உயர்த்தித் தவம் புரியும் மனிதனைச் சுட்டிக்காட்டி, "இவன் அருச்சுனன்" என்றார் ஒரு வழிகாட்டி. பத்தடி தள்ளி நின்ற மற்றொருவர், "பகீரதன், கங்கையை அழைக்கிறான்" என்றார். அறிஞர்களும் அப்படித்தான் இரண்டு பட்டு நிற்கிறார்கள். கல் ஒன்று, படிப்பு இரண்டு!

நமது கண்ணோ கீழே சென்றது. யானைகளின் அருகே ஒரு பூனை! பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது. முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறது. மேலே தவம் புரிபவனைப் பார்த்து எடுத்த படிபோல அதே கோலம், அதே அடக்கம்! அதைச் சுற்றி எலிகள். அவற்றுள் சில, தவசியைத் தொழுகின்றன!

ஏழாம் நூற்றாண்டிலே, பல்லவ மன்னன் ஆட்சியிலே, தெய்வங்களைச் செதுக்க வந்த சிற்பி, அந்தத் தெய்வங்களின் காலடியிலேயே போலித் தவத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். பகுத்தறிவுக்கு நாள், கோள் ஏது? உளியேந்திய கையிலும் அது ஒளிந்திருந்திருக்கிறது!

நாமும் சிரித்தோம். சிரித்தபடியே சட்டைப் பையில் கை வைத்தோம். அங்கே ஒரு தாள் இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்திலே, சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்த சூட்டிலே, நாமே எழுதிய பட்டியல். திங்களுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு நூல்கள். பன்னிரண்டின் எதிரிலும் 'முடிந்தது' என்ற குறி. அதை உடன்வந்த தோழரிடம் காட்டவேண்டும் என்றுதான் பையிலே வைத்திருந்தோம், காட்டினோம்.

தோழர் அந்தக் கரையோரக் குப்பத்திலே பிறந்தவர். மாலை வேளைகளில் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். தாளைப் பார்த்தார். மெல்லக் கேட்டார்:

"பன்னிரண்டும் முடித்துவிட்டீர்களா, அண்ணே?"

"முடித்துவிட்டோம்."

"நல்லது. எங்கள் கரையிலே ஒரு வழக்கம் உண்டு. படகு திரும்பினால், வலையை எத்தனை முறை வீசினாய் என்று யாரும் கேட்பதில்லை. என்ன மீன் கிடைத்தது என்றுதான் கேட்பார்கள்."

சிரிப்பு நின்றது. பூனை நம்மைப் பார்ப்பதுபோல் இருந்தது!

தோழர்களே! அன்று அந்தப் பாறையின் முன்னே நமக்குள் எழுந்த கேள்வியைத்தான் உங்கள் முன்னே வைக்கிறோம். படிப்பது எதற்காக? படித்தோம் என்று சொல்லிக்கொள்ளவா? படித்தவன் என்று பிறர் சொல்லக் கேட்கவா? ஆண்டுக்கு ஐம்பது முடித்தேன், நூறு முடித்தேன் என்று இன்று அறிவிப்போர் பலர். எண்ணிக்கை தவறன்று. எண்ணிக்கை மட்டுமே எஞ்சினால், அந்தப் படிப்புக்கும் அந்தப் பூனையின் தவத்துக்கும் என்ன வேற்றுமை?

மார்கழித் திங்களிலே, நாளொன்றுக்கு இத்தனை சருக்கம் என்று கணக்கிட்டு, ஏட்டைத் திறந்து ஓதி, ஏட்டை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். பொருள் என்ன ஐயா என்று கேட்டால், "பொருள் எதற்கு? ஓதினாலே புண்ணியம்!" என்பார்கள். அதற்குப் 'பாராயணம்' என்று பெயர். நாம் எவ்வளவு நகையாடியிருக்கிறோம் அதை! மேடையிலே எத்தனை முறை கைதட்டு வாங்கியிருக்கிறோம்! அப்படிப்பட்ட நாம், நாளுக்கு முப்பது பக்கம் என்று வகுத்துக்கொண்டு, பேருந்திலே பத்து, படுக்கையிலே இருபது என்று புரட்டி, முடிந்ததும் குறியிட்டு மகிழ்ந்தோமே, அது எந்தக் கணக்கிலே சேரும்? அவருக்குப் புண்ணியம், நமக்குப் பெருமை. அவர் கையிலே இராமகாதை. நம் கையிலே இரஸ்ஸல். அட்டைதான் வேறு. ஓதுதல் ஒன்றே!

ஒரு நூலைப் படித்தோம் என்பதற்குச் சான்று, கடைசிப் பக்கம் புரண்டது அன்று. படிக்கும் முன் நம்மிடம் இருந்த கருத்தை அது அசைத்துப் பார்த்ததா? அசைத்தபோது கருத்து விழுந்ததா, அல்லது தக்க காரணத்தோடு நின்றதா? இந்த இரண்டில் ஒன்று நிகழ்ந்திருந்தால் படித்தோம். இரண்டும் நிகழவில்லையென்றால், கண் மட்டுமே நடந்தது, கருத்து உட்கார்ந்திருந்தது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு, கடற்கரை மணலிலே உட்கார்ந்து, நமது பட்டியலை நாமே சோதித்தோம்.

பன்னிரண்டில் எட்டு, நமக்கு வேண்டியவர்கள் எழுதியவை. 'பெண் ஏன் அடிமையானாள்?', அம்பேத்கர் எழுதிய சாதி ஒழிப்பு நூல், 1927ஆம் ஆண்டு இலண்டனிலே இரஸ்ஸல் தாம் ஏன் கிறித்தவர் அல்லர் என்று ஆற்றிய உரை, சிறையிலிருந்து பகத்சிங் எழுதி ஜீவானந்தம் தமிழாக்கிய 'நான் ஏன் நாத்திகன்?' போன்றவை. உயர்ந்த நூல்கள், ஐயமில்லை. ஆனால், அவற்றை நாம் படித்த முறை எது? ஒவ்வொரு பக்கத்திலும் தலையாட்டினோம். "ஆமாம், ஆமாம்" என்றோம். வீட்டுக்கு வந்த உறவினரைப்போல் வரவேற்று, உபசரித்து, அனுப்பிவைத்தோம். சாதிக்கு அடியில் இருப்பது சாத்திரம். சாத்திரத்தின் புனிதத்தை உடைக்காமல் சமபந்தி விருந்தால் மட்டும் சாதி சாகாது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த உரையை ஆற்ற விடவில்லை, அழைத்த அமைப்பினரே! சீர்திருத்தம் பேசியவர்களே அஞ்சிய நூல் அது. அதைப் படித்துவிட்டு நாம் அஞ்சவில்லை என்றால், நாம் வீரர்கள் என்று பொருளா? அல்லது அது நம்மைப் பற்றிப் பேசுகிறது என்பதையே கவனிக்கவில்லை என்று பொருளா?

எட்டும் போக எஞ்சியவை நான்கு. அந்த நான்கிலேதான் நமக்கு மீன் கிடைத்தது.

முதலாவது, டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்'. 1859இல் வெளிவந்தது. பள்ளிப் பாடத்திலே பத்து வரியாகப் படித்து, மேடையிலே பத்து முறை பெயர் சொல்லி, முழுதாக ஒரு நாளும் திறக்காத நூல். 2023ஆம் ஆண்டு, தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் பரிணாமக் கொள்கைப் பகுதி இடம்பெறவில்லை என்ற செய்தி கண்டு கொதித்தோம். கொதித்தபின் ஒரு வெட்கம். நீக்கியவர்களைத் திட்டுகிறோம், நீங்கியதை நாம் படித்தோமா? அந்த வெட்கமே நூலை வாங்க வைத்தது.

படித்தபோது வியந்தது எதைக் கண்டு தெரியுமா? டார்வின் தமது கொள்கைக்கு எதிராக எழக்கூடிய தடைகளை அடுக்குவதற்கென்றே அதில் ஓர் இயலை ஒதுக்கியிருக்கிறார்! கண் போன்ற நுட்பமான உறுப்பு படிப்படியாக உருவாகியிருக்க முடியுமா, இடைநிலை உயிர்கள் எங்கே என்று எதிரி கேட்கவேண்டிய கேள்வியை அவரே கேட்கிறார். எதிரி கேட்பதைக் காட்டிலும் கூர்மையாகக் கேட்கிறார். தம் கொள்கைக்கு மாறான செய்தி எதிர்ப்பட்டால் உடனே குறித்துவைப்பது தமது வழக்கம் என்றும், ஏனெனில் உவப்பான செய்தியைவிட உவப்பில்லாத செய்தியே விரைவில் மறந்துபோகிறது என்றும் தம் வரலாற்றிலே சொல்லியிருக்கிறார். உவப்பில்லாததை மறப்பது மனத்தின் இயல்பு. மறக்காமல் எழுதிவைப்பது அறிவின் கடமை. நமது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். எட்டு நூல்களிலிருந்து எடுத்த குறிப்புகள் அனைத்தும் நமக்கு இனித்தவை. கசந்தது ஒன்றுகூட இல்லை!

டார்வின் நூல் வந்த நான்காம் ஆண்டு, 1863 மே 30ஆம் நாள், இன்று செங்கற்பட்டு மாவட்டத்திலே அடங்கிய பல்லாவரத்தில், படைப்பயிற்சித் திடலருகே சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார் நிலவியல் ஆய்வாளர் இராபர்ட் புரூஸ் பூட். ஆயிரம் பேர் மிதித்த மண். ஆயிரம் பேர் பார்த்த சரளை. அவர் ஒருவரே அதைப் படித்தார். அது தானாக உடைந்த கல் அன்று. பழங்கற்கால மனிதன் தன் கையால் செதுக்கிய கருவி என்றார். எந்தப் புராணத்திலும் எழுதப்படாத முன்னோன் ஒருவன், பல்லாவரத்துச் சரளையிலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஏடு மட்டுமா நூல்? படிக்கத் தெரிந்தவனுக்குக் கல்லும் நூல். படிக்கத் தெரியாதவனுக்கு நூலும் கல்!

அடுத்த இரண்டு நூல்களுக்கும் பல்லாவரமே பிறப்பிடம் என்று சொல்லலாம். மறைமலை அடிகள் எழுதியவை அவை. தமிழாசிரியரான முதிய நண்பர் ஒருவர், "உங்கள் பட்டியலில் உங்களுக்குப் பிடிக்காதவர் ஒருவரேனும் உண்டா?" என்று சீண்டினார். வீம்புக்காகவே சேர்த்தோம். 'வேளாளர் நாகரிகம்' ஒன்று. 'சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்' மற்றொன்று.

அடிகள் யார்? அழுத்தமான சைவர். கடவுள் மறுப்போடு ஒரு நாளும் உடன்படாதவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலே தமிழ் கற்பித்து, 1911இல் அதை விட்டு நீங்கி, பல்லாவரத்திலே வாழ்ந்து, 1950இல் மறைந்தவர். தம் மகள் நீலாம்பிகையோடு ஒரு பாடலைப் பற்றி உரையாடியபோது எழுந்த எண்ணத்திலிருந்து 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர். வடசொல் வேண்டாம் என்ற அவர், வடமொழி வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாரா? இல்லை! காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து தமிழாக்கியவர் அவரே. ஆங்கிலேயர் அடிசனின் கட்டுரைகளைத் தழுவிச் 'சிந்தனைக் கட்டுரைகள்' தந்தவரும் அவரே. எதை விலக்கவேண்டும் என்று கருதினாரோ அதை முற்றக் கற்றபின் விலக்கினார். பல்லாவரத்து வீட்டிலே அவர் சேர்த்துவைத்த நூல்கள் ஏறத்தாழ 4,000. அவர் மறைந்தபின், 1958இல், அந்தத் தொகுதியே சென்னையில் மறைமலையடிகள் நூல் நிலையமாகிப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஆனால், செங்கற்பட்டுச் சாலையிலே மறைமலைநகர் என்று பெயர்ப்பலகை பார்த்து, மோட்டார்த் தொழிற்சாலையை நினைப்போர் எத்தனை பேர்! அந்தப் பெயருக்குரியவரின் ஒரு நூலையேனும் திறந்தோர் எத்தனை பேர்!

சண்டைக்காரர்போலத்தான் அவர் நூலைத் திறந்தோம். பென்சிலை வேலாகப் பிடித்திருந்தோம். சமயவாதி என்றால் சாதிக் காவலர் என்பது நம் முடிவு. ஆனால் 'சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்' நம் முடிவை முதல் சில பக்கங்களிலேயே தள்ளிற்று. சாதி வேற்றுமை பாராட்டுவோன் சைவனே அல்லன், போலி என்கிறார்! திருநீறு பூசிக்கொண்டு தீண்டாமை பேசுவோரை, நீறு பூசிய ஒருவரே அவருடைய கூடத்திலேயே நிறுத்திவைத்துக் கேட்கிறார். நமது மேடையிலிருந்து ஆயிரம் முறை கேட்டாலும் போகாத இடத்துக்கு அந்தக் கேள்வி போயிருக்கும். சமயவாதிகள் எல்லோரும் ஒரே அச்சிலே வார்த்தவர்கள் என்ற நமது கருத்து அங்கே விழுந்தது.

விழுந்தது சரி, அதற்காக எழுந்து நின்று வணங்கிவிட்டோமா? இல்லை. 1923இல் அவர் வெளியிட்ட 'வேளாளர் நாகரிகம்' அடுத்துக் கையிலே இருந்தது. வேளாளரைச் சூத்திரர் என்று இழித்தோர்க்கு மறுப்பாக, அவர்களே தமிழரின் பழைய நாகரிகத்தின் தலைமக்கள் என்று வாதாடுகிற நூல் அது. ஆரியப் படிக்கட்டை உடைக்க வந்த கை, உடைத்த கற்களைக் கொண்டே இன்னொரு படிக்கட்டை எழுப்பலாமா? ஒரு குடியைத் தனியே எடுத்து உச்சியிலே வைத்தால், இன்னொரு குடி தானாகவே கீழே இறங்கிவிடாதா? ஒரே அறிஞரின் இரு நூல்கள். ஒன்று சாதி கேட்கிற சைவனைக் கடிகிறது. மற்றொன்று ஒரு குடியின் பெருமையைப் பாடுகிறது. இந்த முரணைக் கண்டுபிடித்தபோது ஒரு வெற்றிக் களிப்பு நமக்கு. பக்கத்தின் ஓரத்திலே "பிடித்துவிட்டோம்!" என்று எழுதியே விட்டோம்.

அந்தக் களிப்பு அடுத்த நூல் வரைதான் நீடித்தது.

பன்னிரண்டாவது நூல் எப்படி வந்தது என்று சொல்ல நாணுகிறோம். ஆண்டு முடிய நாட்கள் சிலவே இருந்தன. எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. எனவே, மெலிந்த நூலாக ஒன்றைத் தேடினோம். ஆம், மெலிந்தது என்பதற்காகவே! கிடைத்தது, இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. 1939இல் வெளிவந்த சின்னஞ்சிறு நூல். ஓர் இரவிலே முடித்துக் குறியிட்டுவிடலாம் என்று கணக்கு. முடித்தோம், ஆனால் தூங்கவில்லை.

செங்கற்பட்டுச் சீமையிலே, மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் என்ற சிற்றூரிலே பிறந்தவர் அவர். கோயம்புத்தூரிலே படித்த நாட்களைச் சொல்கிறார். உடன் படித்தவர்கள் பெரும்பாலும் பார்ப்பனப் பிள்ளைகள். தம் சாதி தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, எவரோடும் நெருங்காமல், பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து வாசித்திருந்துவிட்டு, மணியடித்தபின் வகுப்புக்குள் நுழைவாராம். விளையாட ஆசையிருந்தும் விளையாட முடியவில்லை. ஒரு சிறுவன், கையிலே ஒரு நூல், அந்த நூல் அவனுக்கு அறிவுச் செல்வம் மட்டும் அன்று, முகத்தை மறைத்துக்கொள்ளும் திரையும்கூட!

அந்தச் சிறுவன் வளர்ந்தான். 1893இல் ஓர் ஏட்டைத் தொடங்கினான். என்ன பெயர் வைத்தான்? எந்தப் பெயர் தெரிந்துவிடும் என்று மணியடிக்கும் வரை வெளியே உட்கார்ந்திருந்தானோ, அந்தப் பெயரையே வைத்தான். 'பறையன்'! பின்னாளில் சென்னைச் சட்டமன்றத்திலே உறுப்பினராகி, பொதுச் சாலையிலே, பொதுக் கிணற்றிலே எவர்க்கும் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். அம்பேத்கரோடு இலண்டன் வட்டமேசை மாநாட்டிலே அமர்ந்தார்.

இங்கேதான் நமது இரண்டாவது கருத்து சரிந்தது. செங்கற்பட்டுச் சீமையின் சீர்திருத்த வரலாறு எங்கே தொடங்குகிறது என்று எவரேனும் கேட்டிருந்தால், நாம் நொடியில் விடை சொல்லியிருப்போம்: 1929 பிப்ரவரி 17, 18! சௌந்தரபாண்டியன் தலைமையிலே செங்கற்பட்டில் கூடிய முதலாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு! சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்ன மாநாடு. பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு கேட்ட மாநாடு. அதன் பெருமை குறையாது. ஆனால், அதற்கு 36 ஆண்டுகளுக்கு முன்பே இதே மண்ணின் மகன் ஒருவன் இழிபெயரை நெற்றியிலே தாங்கி எழுந்து நின்றிருக்கிறான். அவனை நாம் படிக்கவில்லை. ஏன்? யாரும் தடுக்கவில்லை, நூல் மறைந்துபோகவும் இல்லை. மேலே இருப்பவனை எதிர்த்துப் பேசுவதிலே நேரமெல்லாம் செலவானது. கீழே நிறுத்தப்பட்டவன் என்ன எழுதினான் என்று கேட்க நேரமில்லை. 'வேளாளர் நாகரிகம்' நூலின் ஓரத்திலே "பிடித்துவிட்டோம்" என்று எழுதினோமே, அந்தக் குறிப்பு நம்மையே பிடித்துக்கொண்டது!

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாம் படித்த பள்ளியிலும் ஒருவன் இருந்தான். நாள்தோறும் மணியடித்தபின்தான் வருவான். கடைசி வரிசையிலே உட்காருவான். சோம்பேறி என்று ஆசிரியர் அடிப்பார், நாங்கள் சிரிப்போம். ஏன் பிந்தி வருகிறான் என்று ஒருவரும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை. எத்தனையோ ஆண்டுகள் கழித்து, கணக்குக்காகச் சேர்த்த சிறு நூல் ஒன்று, நமக்குப் பதிலாக அந்தக் கேள்வியைக் கேட்டது. அவன் முகம் தெரிகிறது. பெயர் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

பட்டியலிலே எல்லா நூலுக்கும் ஒரே குறிதான். எழுநூறு பக்கத்துக்கும் ஒன்று. சில பக்கத்துக்கும் ஒன்று. எண்ணிக்கை எவ்வளவு பெரிய பொய்யன் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இவ்வளவும் கேட்ட தோழர் மணலைக் கையால் அளைந்தபடி சொன்னார்: "எல்லாம் சரி, அண்ணே. ஆனால் எங்கள் குப்பத்திலே சிலர் கேட்கிறார்கள். கடல் கரையைத் தின்கிறது. பிள்ளை வயிறு காய்கிறது. இந்த நேரத்திலே புத்தகம் எதற்கு, போராட்டம் அல்லவா வேண்டும் என்கிறார்கள். என்ன சொல்வது?"

நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாத கேள்வி. பசித்தவனிடம் நூலை நீட்டுவது அறிவுடைமை அன்று, முதலில் சோறு. ஆனால் படிப்பையும் போராட்டத்தையும் பகையாக்குவது எவருக்கு இலாபம்? பகத்சிங்கைவிட நேரம் குறைந்தவர் யார்? 1931 மார்ச் 23ஆம் நாள் தூக்கு மேடை ஏறியவர், சிறையிலிருந்தபடி நூல் நூலாகக் கேட்டு வாங்கிப் படித்துக் குறிப்பேட்டிலே எழுதிக்கொண்டிருந்தார். நாளையைக் காணப்போவதில்லை என்று தெரிந்தும் நாளைக்காகப் படித்தார். செங்கற்பட்டு மாநாட்டுப் பந்தல் இரண்டு நாளிலே பிரிக்கப்பட்டுவிட்டது. பெண்ணுக்குச் சொத்துரிமை என்ற தீர்மானமோ தாளிலே நின்றது. தமிழ்நாட்டிலே அது சட்டமானது 1989இல். இந்தியா முழுமைக்கும் 2005இல். தமிழ்நாட்டுச் சட்டத்துக்கே இடையில் 60 ஆண்டுகள்! பந்தலிலே கைதட்டியவர்கள் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். கைதட்டல் காற்றோடு போயிற்று. அச்சிலே ஏறியது மட்டும், ஒரு கையிலிருந்து மறு கைக்கு நடந்து நடந்து, சட்டமன்றம் வந்து சேர்ந்தது. போராட்டத்தின் நினைவாற்றல்தான் நூல். நினைவில்லாத போராட்டம் ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் அடியிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.

"சரி, எதிரியின் நூலையும் படிக்கவேண்டுமா? மனம் மாறிவிட்டால்?" என்று வேறு சிலர் அஞ்சுவர். படித்தால் உடையும் கொள்கையை எதற்காகக் கட்டிக் காக்கவேண்டும்? 'இதைப் படிக்காதே, கெட்டுப்போவாய்' என்று நமக்குச் சொல்லிவந்தவர்கள் யார்? மடத்தின் வாயிலில் நின்றவர்கள். அந்த வாசகத்தை நாம் கடன் வாங்கலாமா? மாறுபட்டோர் கூடுவதால் கொள்கை கெட்டுவிடாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னையிலே கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வைப் 'பெரியார்' என்று அழைக்கவேண்டும் எனத் தீர்மானித்தது. அந்த மாநாட்டின் தலைவர் நீலாம்பிகை அம்மையார். பல்லாவரத்துச் சைவரின் மகள்! இந்தித் திணிப்பை எதிர்த்தபோது அடிகளும் தன்மான இயக்கத்தாரும் ஒரே மேடையிலே நின்றார்கள். கடவுளைப் பற்றிய வழக்கு தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒருவரை ஒருவர் படித்திருந்தார்கள். எங்கே ஒன்றுபடலாம், எங்கே வேறுபடவேண்டும் என்று தெரிந்திருந்தது. அவ்வளவே.

ஆகவே, அந்த மணலிலேயே உட்கார்ந்து அடுத்த ஆண்டுக்குப் புதிய பட்டியல் போட்டோம். இம்முறை எண்ணிக்கை எழுதவில்லை. நான்கு வரிகள் மட்டும் எழுதினோம். நம்மோடு ஒன்றுபடுவோர் நூல் ஒன்று. ஆனால் அதிலே நாம் மறுக்கவேண்டியதை முதலில் தேடுவது. நம்மை மறுப்போர் நூல் ஒன்று. அதிலே நாம் ஏற்கவேண்டியதை முதலில் தேடுவது. ஒடுக்கப்பட்டோர் தாமே தம் வாழ்வைப் பற்றி எழுதிய நூல் ஒன்று. அதைப் படிக்கையிலே வாயை மூடிக்கொண்டிருப்பது. இயற்கையைப் பற்றிய அறிவியல் நூல் ஒன்று. ஏனெனில் நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்கெல்லாம் அதற்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் முடித்தபின் எழுதவேண்டியது 'முடிந்தது' என்ற குறி அன்று. 'இதனால் விட்டது என்ன?' என்ற ஒரு வரி.

நூல் வாங்கப் பணமில்லையே என்பீர்களா? நூலகம் இருக்கிறது. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவிலே அவ்வகையில் முதலாவது. சொத்துவரியோடு நூலகவரியும் செலுத்துகிறோம். நாம் பணம் கொடுத்து வாங்கிய நூல்கள்தான் அங்கே தூசி படிந்து கிடக்கின்றன! சீர்காழியிலே பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலகத்துக்கென ஐந்து விதிகள் வகுத்துத் தந்த அரங்கநாதன், முதல் விதியாக வைத்தது எதை? நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை! காப்பதற்கு அன்று, காட்டுவதற்கும் அன்று.

வெயில் தாழ்ந்தது. குப்பத்துப் பிள்ளைகள் தோழரைத் தேடி வந்துவிட்டார்கள், பாட வேளை. அவர்களிலே ஒரு சிறுமி நம் கையிலிருந்த சின்ன நூலைப் பார்த்தாள். "இது என்ன புத்தகம்?" என்றாள். "பள்ளிக்கு வெளியே உட்கார்ந்து படித்த ஒரு பையனின் கதை" என்றோம். "ஏன் உள்ளே போகவில்லை?" என்றாள் உடனே.

ஒரு வகுப்பே கேட்கத் தவறிய கேள்வி! அவளுக்கு அது ஒரு நொடி ஆகவில்லை. நூலை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

தோழர்களே! மாமல்லபுரம் போனால் அந்தப் பூனையைத் தவறாமல் பாருங்கள். பார்த்துவிட்டுப் பூனையை மட்டும் ஏசாதீர்கள். சுற்றி நிற்கும் எலிகளையும் பாருங்கள். கற்றவன்போல் கோலம் காட்டுவது ஒரு மடமை. கோலத்தைக் கண்டு கைகூப்புவது மற்றொரு மடமை. நமக்குப் பூனையின் தவமும் வேண்டாம், எலியின் பக்தியும் வேண்டாம். "ஏன்?" என்று கேட்ட அந்தச் சிறுமியின் வாய் போதும். அதை இழக்காமல் காத்துக்கொள்ளப் படிப்போம்!